அறச் சண்டையில் தர்க்கத்துக்கு என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக நண்பர்கள் நாங்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசுகிறோம். கருணைக்கொலை, மரண தண்டனை, விலங்குகள் மேல் மருந்துச் சோதனை என்று எதை எடுத்தாலும் அரை மணி நேரத்தில் பேச்சு நழுவி "இதையெல்லாம் வாதாடித் தீர்க்க முடியுமா?" என்ற இடத்தில் வந்து நிற்கும். புதிதாக வருகிறவர்களும் அதையேதான் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்து அலுத்துப்போனதால், கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். கீழே போகப்போகச் சிக்கல் கூடும்.

சரி, தப்பு எல்லாம் அவங்கவங்க மனசைப் பொறுத்ததுதானே? இதில் வாதாட என்ன இருக்கு?

உங்களுக்கு நீலம் பிடிக்கும், எனக்குப் பச்சை பிடிக்கும். அதற்காக இருவரும் இரவெல்லாம் சண்டை போட மாட்டோம். ஆனால் குழந்தையை அடித்து வளர்ப்பதில் தவறே இல்லை என்று நான் சொன்னால், "அது உன் ரசனை" என்று சொல்லிவிட்டு எழுந்து போவீர்களா? "ஏன் அப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்பீர்கள். நானும் ஏதாவது சொல்வேன்: பயம் இருந்தால்தான் படியும், நானும் அடி வாங்கித்தான் வளர்ந்தேன், இப்படி. நீங்கள் ஏன் என்று கேட்டதும், பதில் சொல்லக் கடமைப்பட்டவன் மாதிரி நான் நடந்துகொண்டதும், இந்த இரண்டும் ரசனை விஷயத்தில் நடப்பதில்லை.

இந்தக் கேள்வியை விடாமல் கேட்கும் நண்பர் ஒருவர், தான் செய்த வேலைக்கு மேலதிகாரி பெயர் வாங்கிக்கொண்டு போன அன்று ஒரு மணி நேரம் நியாயம் பேசினார். "அவர் மனசுக்கு அது சரின்னு பட்டிருக்கும்" என்றேன். முறைத்தார்.

பகுத்தறிவுன்னா கடவுள் மறுப்பா?

தமிழில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு வாசம் ஏறிவிட்டது. அதனால்தான் நான் பெரும்பாலும் தர்க்கம், காரணம் என்றே எழுதுகிறேன். இங்கே பேசுவது ரொம்பச் சாதாரண வேலைகளைப் பற்றி: காரணம் கேட்பது, சொன்னதற்கும் செய்வதற்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பது, ஆளுக்கு ஆள் அளவுகோலை மாற்றாமல் இருப்பது. 13ஆம் நூற்றாண்டில் கிறித்தவத் துறவி தாமஸ் அக்குவினாஸ் தன் இறையியல் நூலில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிர்வாதங்களை முதலில் அடுக்கிவிட்டுத்தான் தன் பதிலுக்கு வந்தார். பக்திக்கும் இதற்கும் பகை கிடையாது.

தர்க்கத்தால் தீர்ந்த சண்டை ஒன்றாவது காட்டுங்க பார்ப்போம்.

முழுசாகத் தீர்ந்தது என்றால் கஷ்டம். பாதி தீர்ந்த ஒன்றைக் காட்டுகிறேன், எனக்குத் தெரிந்த குடும்பத்தில் நடந்தது. அம்மாவுக்குப் புற்றுநோய். அவரிடம் சொல்லக்கூடாது என்று அண்ணன், சொல்லியே ஆக வேண்டும் என்று தங்கை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அடிக்குரலில் ஆரம்பித்து, நர்ஸ் வந்து அதட்டுகிற அளவுக்குப் போனது. "நீ கல்நெஞ்சக்காரி", "நீ கோழை" என்கிற கட்டத்தில் சித்தி குறுக்கே வந்து அண்ணனைக் கேட்டார்: "சொன்னா என்ன ஆகும்னு நினைக்கிற?" உடைந்து போய்விடுவார், சிகிச்சையே வேண்டாம் என்பார் என்றான். "சரி, அவளுக்குத் தெரியாதுன்னு உனக்கு யார் சொன்னது?" என்றார் சித்தி. அம்மாவோ ஒரு வாரத்துக்கு முன்பே மருந்துச் சீட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மாத்திரைப் பெயர்களைப் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் ஒவ்வொன்றாக விசாரித்திருந்தார். பிள்ளைகள் மனசு கஷ்டப்படுமே என்று அவரும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அந்தச் சண்டையைப் பிரித்துப் பாருங்கள். அம்மாவுக்குத் தெரியுமா, சொன்னால் உடைவாரா என்பது உண்மை நிலவரம் பற்றியது. சொல்லாமல் இருப்பது பொய்யில் சேருமா என்பது சொல்லைப் பற்றியது. அவர் உயிர் பற்றிய செய்தி யாருக்குச் சொந்தம் என்பதுதான் மதிப்பு பற்றியது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொண்டிருந்தார்கள். முதல் முடிச்சு அவிழ்ந்ததும் அண்ணன் பக்கத்தில் முக்கால்வாசி கரைந்துவிட்டது. எவ்வளவு சொல்வது, எத்தனை மாதம் என்பதையும் சொல்வதா என்பதில் கடைசிவரை இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அந்தச் சண்டை சின்னது, அதில் யாரும் கோழை இல்லை.

அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் ஸ்டீவன்சன் 1944இல் இதைத்தான் நம்பிக்கையில் (எது உண்மை என்று நினைப்பதில்) வரும் வேற்றுமை, மனப்பாங்கில் (எது வேண்டும் என்பதில்) வரும் வேற்றுமை என்று பிரித்தார். அறத்தைப் பற்றிய சண்டைகளில் இரண்டும் பின்னிக்கிடக்கும். முன்னதைத் தீர்த்தால் பின்னதும் பல நேரம் கூடவே இளகும், ஆனால் இளகியே தீரும் என்று உத்தரவாதம் இல்லை என்றார்.

அப்போ எல்லா உண்மைகளையும் திரட்டிட்டா முடிவு தானா வந்துடாதா?

வராது. ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1740இல் வெளிவந்த தன் நூல் பகுதியில் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர்கள் "இருக்கிறது, இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்து, திடீரென்று "வேண்டும், கூடாது" என்று தாவிவிடுகிறார்கள், நடுவில் பாலம் எங்கே என்று யாரும் சொல்வதில்லை என்றார். மேலே சொன்ன கதையில் அம்மாவுக்கு விஷயம் தெரியும் என்பது உண்மை. அதிலிருந்து "ஆகவே அவரோடு வெளிப்படையாகப் பேச வேண்டும்" என்று போக, அவர் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்கிற ஒன்று ஏற்கெனவே மனதில் இருந்தாக வேண்டும். அது அங்கே எல்லோருக்கும் இருந்தது, அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை.

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு உண்மைகளே வேண்டாம் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. உண்மை தனியாக முடிவு தராது, சரி. தவறான தகவல்மேல் நின்றுகொண்டு நல்ல மனசோடு எடுத்த முடிவு எத்தனை பேரைக் கெடுத்திருக்கிறது!

அதே ஹியூம்தானே அறிவு உணர்ச்சிக்கு அடிமைன்னு சொன்னார்? அப்புறம் என்ன?

சொன்னார், 1739இல். என் விரலில் ஒரு கீறல் விழுவதைவிட உலகமே அழிவதை நான் விரும்பினால்கூட அது தர்க்கத்துக்கு முரண் ஆகாது என்கிற அளவுக்குப் போனார். கோபத்தையும் இரக்கத்தையும் தர்க்கம் உண்டாக்காது என்பதில் அவர் பக்கம்தான் நான்.

ஆனால் மேலே படித்தால் அவரே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்: இல்லாத ஒன்றை இருப்பதாக நினைத்து எழும் உணர்ச்சி, உண்மை தெரிந்ததும் அடங்கிவிடும். வராந்தாவில் அண்ணனுக்கு நடந்தது அதுதான். அடிமை என்று சொல்லிவிட்டோம், ஆனால் எஜமானுக்குக் கண் தெரியாது, வழி சொல்வது அடிமைதான் என்றால் யார் யாரை நடத்துகிறார்கள்?

முதல்ல முடிவெடுத்துட்டு அப்புறம்தானே காரணம் தேடுறோம்? இதில் தர்க்கம் எங்கே வந்தது?

இந்தக் கேள்வி எனக்கே பிடிக்கும், ஏனென்றால் பெரும்பாலும் உண்மை. உளவியலாளர் ஜொனாதன் ஹைட் யாருக்கும் கெடுதல் வராதபடி கவனமாகக் கட்டிய கதைகளைச் சொல்லி மனிதர்களைச் சோதித்தார். ஒரு பெண் வீட்டில் கிடந்த பழைய தேசியக் கொடியைத் துண்டு துண்டாக்கிக் குளியலறை துடைக்கிறாள், இது ஒரு கதை. இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டதும் தப்பு என்று சட்டென்று சொன்ன பலருக்குக் காரணம் கேட்டால் திணறல். கதையில் இல்லாத பாதிப்பைத் தாங்களே சேர்த்துச் சொன்னார்கள், அதை மறுத்தால் இன்னொன்று, கடைசியில் "காரணம் தெரியல, ஆனா தப்பு". 2001இல் எழுதிய கட்டுரையில் அவர் உணர்ச்சியை நாய் என்றும் காரணத்தை அதன் வால் என்றும் உருவகித்தார்.

ஆனால் அந்தக் கட்டுரையிலேயே அவர் இன்னொன்றும் சொல்கிறார்: ஒருவர் தனக்குள் யோசித்து மாறுவது அபூர்வம், அடுத்தவர் பேசி மாற்றுவது அவ்வளவு அபூர்வமில்லை. மனம் எப்படி யோசிக்கிறது என்று ஆராயும் ஹ்யூகோ மெர்சியே, டான் ஸ்பெர்பர் இருவரும் 2011இல் இதை இன்னும் தள்ளிக்கொண்டு போனார்கள். காரணம் சொல்லும் திறமையே மனிதன் மற்றவரோடு வாதாடுவதற்காக வளர்ந்தது, ஆகவே சொந்தக் காரணங்களைச் சோதிப்பதில் நாம் சோம்பேறிகள், அடுத்தவர் காரணத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதில் சூரர்கள் என்பது அவர்கள் கருத்து. தனியாகக் கண்ணாடி முன் நின்று யோசித்தால் நான் எப்போதும் ஜெயிப்பேன். சித்தி மாதிரி ஒரு ஆள் எதிரில் வேண்டும்.

அடிப்படைக் கொள்கையே வேற வேறன்னா பேசி என்ன பயன்?

கொள்கை ஒத்துப்போனால்தான் முடிவு ஒத்துப்போகும் என்று ஏன் நினைக்கிறோம்? நடைமுறையில் பல நேரம் தலைகீழாக நடக்கிறது. மனிதர்கள் மேல் செய்யும் ஆராய்ச்சிக்கு நெறிமுறை வகுக்க அமெரிக்காவில் 1974இல் ஒரு தேசிய ஆணையம் அமைத்தார்கள். பதினோரு பேர், வெவ்வேறு துறை, வெவ்வேறு நம்பிக்கை. குழந்தைகள், கைதிகள் என்று குறிப்பிட்ட நிலைமைகளை எடுத்துப் பேசியபோது பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஏன் அந்த முடிவு என்று விளக்கச் சொன்னபோதுதான் ஆளுக்கொரு திசை. ஆணையத்தோடு வேலை செய்த தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் பிறகு இதை விரிவாக எழுதினார்.

1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா.வின் மனித உரிமைகள் பிரகடனத்துக்கு 48 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன, 8 நாடுகள் வாக்களிக்காமல் விலகின, எதிர்த்து ஒன்றுகூட இல்லை. அந்த உரிமைகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டு வாக்கெடுப்பு வைத்திருந்தால் இன்றைக்கும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒரே அளவுகோல், ஒரே அளவுகோல்னு சொல்றீங்களே, அதில் அவ்வளவு பெரிய விஷயம் என்ன?

என்னைக் கேட்டால் அறத்தில் தர்க்கத்தின் கையில் இருக்கும் கூர்மையான ஆயுதமே அதுதான். இரண்டு விஷயங்களை வெவ்வேறாக நடத்துகிறாய் என்றால் வித்தியாசம் எது என்று காட்டு, அவ்வளவுதான் கோரிக்கை. ஆங்கிலேயத் தத்துவவாதி ஜெரமி பென்தம் 1789இல் ஓர் அடிக்குறிப்பில் இதைச் செய்தார். விலங்கைத் துன்புறுத்தலாம், மனிதனைக் கூடாது என்றால் வித்தியாசம் எது? யோசிக்கும் திறமையா, பேச்சா? வளர்ந்த குதிரைக்கும் நாய்க்கும் பிறந்து ஒரு மாதமான குழந்தையைவிட அது அதிகம் உண்டு. ஆகவே கேட்க வேண்டியது யோசிக்குமா, பேசுமா என்பதல்ல, வலிக்குமா என்பதே என்றார். இருநூறு வருடங்களுக்கு மேலாகியும் அந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் கிடையாது.

ஆஸ்திரேலியத் தத்துவவாதி பீட்டர் சிங்கர் 1972இல் அதே கத்தியை வேறு பக்கம் திருப்பினார். ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது, துணி சேறாகும் என்று நீங்கள் தயங்குவீர்களா? மாட்டீர்கள். அப்படியானால் தூரத்தில் பஞ்சத்தில் சாகும் குழந்தை விஷயத்தில் தூரம் மட்டும் எப்படி வித்தியாசம் ஆகும்? இதைப் படித்த பலர் எரிச்சல் அடைகிறார்கள், நானும் அடைந்தேன். எரிச்சலோடு உட்கார்ந்து வித்தியாசங்களைத் தேடினேன். இரண்டு மூன்று கிடைத்தன, ஒன்றும் முழுசாகத் தாங்கவில்லை.

ஒரே அளவுகோல் வெச்சே கொடுமை செய்றவன் இருந்தா?

இருப்பான். ஆங்கிலேயத் தத்துவவாதி ஆர். எம். ஹேர் 1963இல் அவனை வெறியன் என்று அழைத்தார்: யூதர்களைக் கொல்ல வேண்டும் என்கிற நாஜி, நாளைக்குத் தானே யூத வம்சம் என்று தெரியவந்தால் "என்னையும் கொல்லுங்கள்" என்று மனதாரச் சொன்னால், அளவுகோலைக் காட்டி அவனை மடக்க முடியாது. தர்க்கம் அங்கே கையை விரிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனதாரச் சொல்கிறவன் எத்தனை பேர்? நான் பார்த்த வரையில் கொடுமையை ஆதரிக்கிறவர்களில் பெரும்பாலானோர் தங்கள் வீட்டு வாசலுக்கு அது வரும்போது புது விதிவிலக்கு கண்டுபிடிக்கிறார்கள். அவர்களிடம் மேலே சொன்ன ஆயுதம் வேலை செய்யும்.

தர்க்கம் போய் நிக்கிற இடம் அபத்தமா இருந்தாலும் ஏத்துக்கணுமா?

வேண்டாம். ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1797இல் எழுதிய கட்டுரையில், நண்பனைக் கொல்லத் துரத்தி வருகிறவன் "உன் வீட்டில் ஒளிந்திருக்கிறானா?" என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்றார். பொய் கூடாது என்கிற விதியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கித்தான் அங்கே போனார். படிகளில் பிழை தெரியவில்லை என்பதற்காக நண்பனைக் காட்டிக்கொடுப்பீர்களா? "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்ற குறள் நம்மில் பலருக்கு மனப்பாடம், குற்றமற்ற நன்மை தருமென்றால் பொய்யும் உண்மைக்குச் சமம் என்பது அது. இந்த ஒரு விஷயத்தில் நான் வள்ளுவர் கட்சி.

முடிவு இவ்வளவு உறுத்துகிறது என்றால் அந்த உறுத்தலும் ஒரு சாட்சிதான், விதிதான் தப்பாக இருக்கலாம். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971இல் இதை ஒரு முறையாகவே சொன்னார்: குறிப்பிட்ட நிகழ்வுகளில் நமக்கு உறுதியாகப் படுவதையும் பொது விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சில நேரம் இதை, சில நேரம் அதைத் திருத்தி, இரண்டும் பொருந்தும் வரை போய்வந்துகொண்டே இருப்பது. உறுத்தல் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் ஆகாது, கொடியைக் கிழித்த கதை ஞாபகம் இருக்கட்டும். எந்த உறுத்தலை நம்புவது என்பதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. பயத்திலிருந்தும் பழக்கத்திலிருந்தும் வருவதைக் கொஞ்சம் குறைவாக நம்புகிறேன்.

நல்லாப் படிச்சவங்கதானே அநியாயத்துக்கெல்லாம் அழகா நியாயம் கற்பிக்கிறாங்க?

ஆமாம். அதற்கு 1550, 51இல் ஸ்பெயினின் வயாடோலிட் நகரத்தில் நடந்த விவாதத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்கப் பூர்வகுடிகளோடு போர் தொடுத்து அடக்குவது நியாயமா என்று அரசர் ஐந்தாம் சார்லஸ் அறிஞர் குழு ஒன்றைக் கூட்டிக் கேட்டார். செபுல்வேதா என்ற பேரறிஞர் அரிஸ்டாட்டிலை மேற்கோள் காட்டி, சிலர் இயல்பிலேயே ஆளப்படப் பிறந்தவர்கள், ஆகவே நியாயம்தான் என்றார். பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்ற பாதிரியார் அந்த மண்ணில் நடந்ததைப் பல வருடம் கண்ணால் பார்த்தவர். நாள்கணக்கில் வாசித்து மறுத்தார். நடுவர்கள் தெளிவான தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை, இருவருமே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த லாஸ் காசாஸே முன்பு ஒரு காலத்தில், பூர்வகுடிகளின் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னவர். பின்னால் அதே அளவுகோல் அவர்களுக்கும் பொருந்தும் என்று உணர்ந்து வருந்தி எழுதினார். அந்த மண்டபத்தில் நியாயம் பேசப்பட்டது யாருடைய உயிரைப் பற்றியோ அவர்களில் ஒருவரும் எதிரே உட்கார்ந்து பதில் சொல்லவில்லை. வராந்தாவில் அம்மா இல்லாமலே அம்மாவைப் பற்றிச் சண்டை போட்ட மாதிரி. வாதம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், பாதிக்கப்படுகிறவர் குரல் உள்ளே வராத வாதத்தை நான் அரை வாதம் என்றே கணக்கு வைக்கிறேன்.

எதிராளி வீம்புக்குப் பேசுறார்னு எப்படிக் கண்டுபிடிப்பது? எப்போ நிறுத்தலாம்?

இதற்கு நியாய சூத்திரம் என்ற பழைய இந்தியத் தர்க்க நூல் ரொம்ப முன்னாலேயே பெயர் வைத்துவிட்டது. உண்மையைத் தேடி இருவரும் பேசினால் வாதம். எப்படியாவது ஜெயிக்கப் பேசினால் ஜல்பம். தன் பக்கத்தில் எதையும் நிறுவாமல் அடுத்தவர் சொல்வதை உடைப்பது மட்டுமே வேலை என்றால் விதண்டை, நாம் இன்றைக்கும் விதண்டாவாதம் என்று திட்டுவது அதிலிருந்து வந்ததுதான். நான் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பேன்: "எது தெரிந்தால் நீங்கள் மனசு மாறுவீர்கள்?" ஏதாவது ஒன்றைச் சொன்னால் தொடர்வேன். ஒன்றுமே இல்லை என்றால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். இதே கேள்வியை என்னிடம் திருப்பிக் கேட்டு என்னை வாயடைத்தவர்களும் உண்டு.

கடைசிவரை ஒத்துவரலேன்னா, ரெண்டுமே சரின்னு ஆகிடுமா?

இரண்டு மருத்துவர்கள் ஒரே வலிக்கு வெவ்வேறு நோய் சொன்னால் நோயே இல்லை என்று ஆகாது. 2020இல் தத்துவத் துறையினரிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், அறக் கேள்விகளுக்கு நம் விருப்பத்தைத் தாண்டிய சரி, தவறு உண்டு என்கிற பக்கம் சாய்ந்தவர்கள் சுமார் 62 சதவீதம். காலம் முழுக்க இதையே யோசிக்கிறவர்களிலும் ஒருமனது இல்லை என்பதையும் அதே எண் சொல்கிறது.

ஒத்துவராத நிலையிலும் நாளைக் காலை ஏதோ ஒன்றைச் செய்தாக வேண்டியிருக்கும். அப்போது வாக்கெடுப்பா, நடுவரா, ஆளுக்கொரு வழியில் விட்டுவிடுவதா என்று பேசுவதும் தர்க்கத்தின் வேலைதான். "இந்த முடிவு தப்பு, ஆனால் முடிவெடுத்த விதம் சரி" என்று தோற்றவர் சொல்ல முடிந்தால் அது சின்ன விஷயமில்லை.

நீங்க எப்பவாவது வாதத்தால மனசு மாறியிருக்கீங்களா, உண்மையைச் சொல்லுங்க?

ஒரு தடவை. மரண தண்டனை வேண்டும் என்று பல வருடம் பேசியவன் நான். கொலைகாரனுக்கு அதுதான் தகும் என்கிற உணர்ச்சி எனக்குப் பலமாக உண்டு, இன்றைக்கும் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் அந்த உணர்ச்சியைத் தொடவே இல்லை. அமெரிக்காவில் 1973க்குப் பிறகு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டவர்கள் 190க்கும் மேல் என்று சொல்லிவிட்டு, "நீங்கள் தகும் என்று சொல்வது கொலைகாரனுக்கு, சரி. தண்டனை போவது நீதிமன்றம் கொலைகாரன் என்று சொன்னவனுக்கு. இரண்டும் ஒரே ஆள் என்று எவ்வளவு நிச்சயம் வேண்டும் உங்களுக்கு?" என்று கேட்டார்.

அன்றைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. எதையெதையோ சொல்லிச் சமாளித்தேன், குரலும் கொஞ்சம் உயர்ந்தது. ஒன்றரை வருடம் கழித்து அதே தலைப்பு மறுபடி வந்தது. புதிதாக வந்த ஒரு பையன் என் பழைய வாதத்தை வரிக்கு வரி சொன்னான், நான் வாயைத் திறந்து அவனிடம் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் சொன்ன ஆள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.